நிறம் போகக் கூடாத இடம்

திருப்பூரில் எங்கள் வீதிக்கு வருகிறவர்களுக்குப் பிரிண்டிங் பட்டறை எது என்று காட்ட வேண்டியதே இல்லை. சீமெண்ணெய் வாசமே கூட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தக் காலத்துப் பிரிண்டிங் பசையில் பாதிக்கு மேல் சீமெண்ணெய்தான். தண்ணீரையும் சீமெண்ணெயையும் எமல்சிஃபயர் என்ற மருந்தோடு சேர்த்து மோட்டார் வைத்து அடித்தால், கரண்டியில் அள்ளினால் வழியாத அளவுக்கு வெள்ளையாக, கெட்டியாக ஒரு பசை வரும். அதில் பைண்டரும் பிக்மெண்ட் கலரும் கலந்தால் பனியன் மேல் அடிக்கிற மை தயார். அடித்த பிறகு சீமெண்ணெய் ஆவியாகப் போய்விடும். நிறமும் அதைப் பிடித்துவைக்கிற பைண்டரும் மட்டும் துணியில் தங்கும். ஆவியாகப் போனது வேறெங்கும் போய்விடவில்லை. எங்கள் தலைமுடியில், பாவாடையில், தூக்குப்போசியில் கொண்டுபோன மதியச் சோற்றில் எல்லாம் அது இருந்தது.

சித்தப்பாவின் பட்டறைக்கு நான் முதலில் போனது பள்ளிக்கூட லீவில், பீஸ் ஒட்டுகிற வேலைக்கு. எண்பதுகளின் கடைசி அது. உள்ளூருக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வந்து டீ-சர்ட் வாங்கிப் போனதிலிருந்து கடல் தாண்டிய வியாபாரத்துக்குத் திரும்பியிருந்தது. வெறும் டீ-சர்ட்டுக்கு ஒரு விலை, நெஞ்சில் படம் போட்டதற்கு வேறு விலை. அதனால் பிரிண்டிங் தனித் தொழிலாகி, ஜாப் வொர்க் பட்டறைகளாக, வீட்டுப் பின்கட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் மொட்டைமாடித் தகரக் கூரைக்கு அடியிலும் கிடைத்த இடத்திலெல்லாம் முளைத்தது. எங்கள் பட்டறை ஒரு காலத்தில் தறி ஓடிய நீளமான ஓட்டுக் கட்டடம்.

அதன் நடுவில் டேபிள். டேபிள் என்றதும் எழுதுகிற மேசையை நினைத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பு உயரத்தில், கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகிற பலகை. மேலே கம்பளி விரித்து, அதன்மேல் ரெக்சினை இழுத்து அடித்திருக்கும். அடியில் கம்பளி இருந்தால்தான் கையின் அழுத்தம் துணியில் சீராக இறங்கும். ரெக்சினில் ஒட்டுப்பசை தடவி, வெட்டிய பீஸ்களை, அதாவது தைப்பதற்கு முந்தைய முன்பக்கத் துண்டுகளை, வரிசையாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பார்க்க எளிதான வேலை. ஆனால் பனியன் துணி இழுத்த பக்கம் வரும். ஒட்டும்போது ஒரு நூல் அளவு இழுத்துவிட்டால், அடித்து எடுத்த பிறகு துணி தன் நிலைக்குச் சுருங்கி, வட்டமாக அடித்த பந்து நீள்வட்டமாகிவிடும். உள்ளங்கையை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, தடவுகிறோமா இல்லையா என்று தெரியாத பதத்தில் ஒட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கே வேலை பார்த்த அக்காக்கள். திருப்பூர் பிரிண்டிங் பற்றிப் பேசுகிறவர்கள் ரப்பர் பிடித்த ஆண்களைத்தான் சொல்வார்கள். கோணாமல் ஒட்டிய அந்தக் கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

டேபிளின் ஒரு ஓரம் முழுக்க இரும்பு ஆங்கிள் ஓடும். ஒவ்வொரு பீசுக்கும் நேராக அதில் ஒரு ஸ்டாப்பர் முடுக்கியிருக்கும். ஸ்கிரீன் சட்டத்தை அந்த ஸ்டாப்பரில் முட்டவைத்து இறக்கி, மரப்பிடியில் பொருத்திய ரப்பர் பட்டையால் மையை இழுப்பார்கள். அந்தப் பட்டைக்கு ஸ்குவீஜி என்று பெயர். பட்டறையில் அதற்கு ரப்பர் என்றுதான் பேச்சு. ஒரு பீசை அடித்ததும் பக்கத்துப் பீசை அடிக்க முடியாது, ஈரத்தின் மேல் சட்டம் உட்கார்ந்துவிடும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடி வரை அடித்துக்கொண்டு போய், திரும்பி வந்து விட்டதை அடிப்பார்கள். அதற்குள் முதல் பீஸ் காய்ந்திருக்கும். பிறகு இரண்டாவது கலரின் ஸ்கிரீன், அதே ஸ்டாப்பர், அதே முட்டு. ஐந்து கலர் படம் என்றால் ஐந்து ஸ்கிரீன்களும் மயிரிழை விலகாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் தனித்தனியாகத் திட்டுத்திட்டாகக் கிடக்கும். கடைசியில் கறுப்புக் கோடு விழுந்ததும் அது சிங்கமாகவோ படகாகவோ எழுந்து நிற்கும். அந்தக் கறுப்பு விழுகிற நேரத்துக்காகவே நான் டேபிளைச் சுற்றி வந்துகொண்டிருப்பேன்.

எனக்கு ரப்பர் பிடிக்க ஆசை. சித்தப்பா விடவில்லை. "நெறத்தப் போடறத ரப்பரு பாத்துக்கும் அம்மிணி. நெறம் போகக் கூடாத எடத்த நாமதான் பாக்கோணும். உள்ள வா" என்று பின்னறைக்குக் கூட்டிப் போனார். துணியில் அச்சிடுகிற தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாக்கியத்திலிருந்து விரிந்ததுதான்.

பின்னறை ஸ்கிரீன் போடுகிற இடம். ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்சின் அடித்து, ஒரே ஒரு மஞ்சள் பல்பு. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய நைலான் மெஷ்ஷைத் தட்டினால் ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் கட்டு தளர்ந்திருக்கிறது என்று பிரித்துக் கட்டுவார்கள். மெஷ்ஷுக்கு நம்பர் உண்டு. ஒரு சென்டிமீட்டரில் 43 இழை, 77 இழை, 120 இழை என்று போகும். இழை கூடக் கூடக் கண் சிறுக்கும், மை குறைவாக இறங்கும், நுணுக்கமான கோடு நிற்கும். மினுக்குத் தூள் கலந்த மைக்கு அகலக் கண் வேண்டும், இல்லாவிட்டால் தூள் மேலேயே நின்றுவிடும். இந்தக் கண்களில் படத்துக்கு வேண்டியவற்றைத் திறந்துவைத்து மற்றதையெல்லாம் அடைப்பதுதான் ஸ்கிரீன் போடுவது.

அடைப்பதற்கு எமல்ஷன் என்ற பசை. அதில் பைகுரோமேட் கரைசலைக் கலந்தால் பசைக்கு வெளிச்சம் உறைக்க ஆரம்பிக்கும். ஓரம் மழுங்கிய தகரக் கோட்டரில் அதை ஊற்றி, சாய்த்து வைத்த சட்டத்தின் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. பாதியில் கை நின்றால் அங்கே ஒரு தடிப்பு விழுந்துவிடும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. பிறகு ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்துக் காயப்போட வேண்டும். காய்ந்த ஸ்கிரீனைக் கண்ணாடிமேல் வைத்த பாசிட்டிவோடு, அதாவது படத்தைக் கறுப்பில் வரைந்த தாளோடு, ஒட்டிவைத்து, மேலே ஸ்பாஞ்சும் பாரமும் ஏற்றி, கீழே டியூப் லைட்டை எரிப்பார்கள். கரண்ட் இல்லாவிட்டால் அப்படியே தூக்கிப்போய் வெயிலில் காட்டுவார்கள். எந்த மாதத்து வெயிலுக்கு எவ்வளவு எண்ண வேண்டும் என்பது சித்தப்பாவுக்கு மனப்பாடம். சித்திரைக்கு ஒரு கணக்கு, ஐப்பசி மூட்டத்துக்கு வேறு கணக்கு. வாய்விட்டு எண்ணுவார். நடுவில் யாரும் பேசக் கூடாது.

வெளிச்சம் பட்ட இடத்தில் எமல்ஷன் இறுகித் தண்ணீருக்குக் கரையாமல் நிற்கும். பாசிட்டிவில் கறுப்பு மை மறைத்த இடம் மட்டும் இளகியபடியே இருக்கும். அதனால் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விட்டால் படம் திறக்கும். முதலில் ஒன்றும் நடக்காது. ஸ்கிரீன் முழுக்க ஒரே பச்சை. பிறகு விரல் வைத்தால் வழுக்கும். பெரிய இடங்கள் முதலில் கரைந்து ஓடும், அந்தப் பக்கத்துச் சுவர் கண்களின் வழியே தெரியும். மெல்லிய கோடுகள் கடைசியில்தான் விடும். பொறுமை இல்லாமல் வேகமாகத் தண்ணீர் அடித்தால் நிற்க வேண்டிய ஓரமும் சேர்ந்து போய்விடும். முகத்தைக் கிட்டே கொண்டுபோய், தண்ணீரைக் கையில் வாங்கி வீசி, ஒரு மயிலிறகின் நரம்புகள் ஒவ்வொன்றாகத் திறப்பதைப் பார்த்த மத்தியானம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதன் பிறகு ரப்பர் பிடிக்கிற ஆசை போய்விட்டது. பள்ளிக்கூடம் முடிந்ததும் அந்தப் பின்னறைக்கே வேலைக்கு வந்தேன்.

கழுவிக் காய்ந்த ஸ்கிரீனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அங்கங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரியும். அதைப் பின்ஹோல் என்போம். கண்ணாடியில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால் போதும், அந்த இடத்தில் பசை இறுகாமல் ஒரு கண் திறந்துவிடும். அடைக்காமல் டேபிளுக்கு அனுப்பினால் அந்த ஆர்டரின் அத்தனை சட்டையிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி. எக்ஸ்போர்ட் செக்கிங்கில் சட்டையைத் திருப்பி அனுப்ப அது போதும். மெல்லிய பிரஷ்ஷில் எமல்ஷன் தொட்டு ஒவ்வொன்றாக அடைப்பது என் வேலை. பெரிய படத்தின் நடுவில் ஒரு கண் தவறித் திறந்தால் யாருக்கும் தெரியாது. படத்துக்கு வெளியே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில்தான் பின்ஹோல் பளிச்சென்று தெரியும். அதனால் படத்தை விட்டுவிட்டு வெற்றிடத்தையே பார்த்துப் பழகியது என் கண்.

அந்தப் பைகுரோமேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆரஞ்சு நிறத்தில் கற்கண்டுத் துண்டுகளாக வரும், பார்க்க அழகாக இருக்கும். அதில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் தோலைத் தின்னும், புற்றுநோயும் தரும். சித்தப்பாவின் விரல் மூட்டுகளில் குழிகுழியாகப் புண் வந்து, ஆறி, அதே இடத்தில் மறுபடி வந்தது. எங்கள் வீதியில் ஸ்கிரீன் போட்ட அத்தனை பேரின் கையிலும் அது இருந்தது. தொழில் தெரிந்த கைக்கு அதுதான் அடையாளம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கையுறை போட்டால் கோட்டர் இழுக்கும்போது பிடி தெரியாது என்று அவர் கடைசி வரை போடவில்லை. பிறகு டயஸோ மருந்து வந்தது, அதற்கும் பிறகு மருந்து கலந்தே டப்பாவில் வருகிற எமல்ஷன் வந்தது. எங்கள் பட்டறையில் பைகுரோமேட் ஜாடியை நான்தான் தூக்கி வெளியேற்றினேன். அதற்குள் சித்தப்பாவின் ரேகைகள் பாதி அழிந்திருந்தன.

இந்த ஸ்கிரீன் முறைக்கு வயது அதிகமில்லை. பட்டுத் துணியைச் சட்டத்தில் கட்டி அதன் வழியாக மையைத் தள்ளுகிற உத்திக்கு மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் காப்புரிமை வாங்கியது 1907-ல். அதற்கு முன்னால் ஜப்பானியர்கள் காகிதத்தில் நகாசு வெட்டித் துணிமேல் வைத்து அச்சிட்டார்கள். வெட்டிய காகிதத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம் 'க'-வை வெட்டிப் பார்த்தால் புரியும். எழுத்தின் கோட்டை வெட்டி எடுத்ததும் சுழிக்குள் இருக்கிற காகிதம் பிடிப்பில்லாமல் கீழே விழுந்துவிடும். அப்படி விழாமல் இருக்க மெல்லிய பட்டு நூலை, சில சமயம் தலைமுடியைக்கூட, குறுக்கே ஒட்டித் தாங்கவைத்தார்கள். நூல்கள் சன்னமானவை என்பதால் அச்சில் தடம் தெரியாது. அந்த நூல்களை நெருக்கி நெசவாக்கினால் அதுதான் நம் மெஷ். அவர்கள் அந்தக் காகிதத்தின் வழியே பெரும்பாலும் தள்ளியது நிறத்தை அல்ல, அரிசி மாவுப் பசையை. பசை விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. முக்கி எடுத்துக் கழுவினால் பசை போய் வெள்ளைப் பூ நிற்கும். சித்தப்பா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

பாசிட்டிவ் வரைந்தவர் முன்பு சினிமா பேனர் எழுதிய ஆர்ட்டிஸ்ட். பேனர் வேலை குறைந்ததும் பனியனுக்கு வந்தவர். பையர் அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்ததும் அதில் எத்தனை கலர் என்று அவர் கண் பிரித்துவிடும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு தாள், எல்லாவற்றையும் கறுப்பிலேயே வரைய வேண்டும். மஞ்சள் எங்கே வருமோ அங்கே கறுப்பு, அடுத்த தாளில் சிவப்பு வருகிற இடத்தில் கறுப்பு. மஞ்சளைக் கறுப்புக் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் உள்ளே ஓடவிடுவார். துணி அசைந்தாலும் நடுவில் வெள்ளை இளிக்காமல் இருக்க அந்தத் தாராளம் வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் துணியைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கம்ப்யூட்டரில் கோரல்டிரா வந்ததும் அந்த அளவை ஒரு எண்ணாகத் தட்டிவிடுகிறார்கள். துணியை இழுத்துப் பார்ப்பது நின்றுபோனது எனக்கு இழப்பாகவே படுகிறது.

பிறகு டிஸ்சார்ஜ் வந்தது. நான் பார்த்த பிரிண்டிங் முறைகளில் என்னை அதிகம் ஆட்கொண்டது அதுதான். கறுப்புத் துணியில் வெள்ளை வேண்டுமென்றால் அதுவரை டைட்டானியம் டைஆக்சைடு கலந்த காதி வெள்ளையை மேலே பூச வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிசால் அடிக்க வேண்டும். இரண்டுமே துணிமேல் ஒரு படலமாக உட்காரும். பிளாஸ்டிசால் அடித்த சட்டையை ஆடிமாத வெயிலில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் வேர்ப்பது தெரியும். டிஸ்சார்ஜில் பூசுவதே கிடையாது. துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கிற சாயத்தை அந்த இடத்தில் மட்டும் உடைத்து எடுத்துவிடுவார்கள். அடிக்கும்போது பசை இருப்பதே தெரியாது, ஈரத்தடம் மட்டும் மினுங்கும். சூடு பட்டதும் பசையில் இருக்கிற துத்தநாகச் சேர்மம் வேலையைத் தொடங்கும். சூடு காட்டுகிற கியூரிங் மிஷினின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால், கறுப்பாக உள்ளே போன பீஸ் வெளியே வரும்போது நெஞ்சில் வெளிறிய பூக்களோடு வரும். கையை வைத்துத் தடவினால் பூ எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியாது.

எல்லாச் சாயமும் இதற்குப் பணியாது. அசோ வகைச் சாயங்கள் பெரும்பாலும் உடையும். டர்க்காய்ஸ் நீலம் உடையவே உடையாது, அதன் நடுவில் தாமிரம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவை டையிங் யூனிட்டில் பச்சைக்கு டர்க்காய்ஸ் கலந்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் பீஸ்களெல்லாம் வெள்ளை விழாமல் நீலப் பூவோடு வந்தன. பையரின் ஆள் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளையைவிட இதுதான் நன்றாயிருக்கிறது என்று அதையே ஓகே செய்துவிட்டுப் போனார். டிஸ்சார்ஜ் ஓடுகிற நாளில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். அதில் ஃபார்மால்டிஹைடு உண்டு. புகைபோக்கி வைக்காமல் அதை ஓட்டுகிற பட்டறையில் நான் யாரையும் வேலைக்குச் சேரச் சொல்ல மாட்டேன்.

மச்சிலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பெடனாவுக்கு ஒருமுறை போயிருந்தேன். மர அச்சில் கலம்காரி அடிக்கிற ஊர். தேக்கில் வெட்டிய அச்சுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். ஒரு பூவுக்கே மூன்று நான்கு அச்சு. கோட்டுக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்திருந்தார்கள். பாலில் இருக்கிற கொழுப்பு, வைத்த பசை பக்கவாட்டில் ஊறிப் பரவாமல் தடுக்கிறது. கறுப்புக்குத் துரு ஏறிய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீர். அது கடுக்காய்த் துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுக்கிறது. சிவப்புக்கு அவர்கள் அடித்தது படிகாரம். அதற்கு நிறமே கிடையாது. அடித்த இடம் கண்ணுக்குத் தெரிவதற்காகக் கொஞ்சம் சாயம் கலந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு துணியை ஆற்றில் அலசி, பெரிய தாமிரப் பாத்திரத்தில் சாயத்தோடு வேகவைக்கிறார்கள். படிகாரம் இருந்த இடத்தைச் சிவப்பு பற்றிக்கொள்கிறது, மற்ற இடத்தில் நிற்காமல் போகிறது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, குச்சியால் புரட்டப் புரட்டத் துணியில் சிவப்பு ஏறுவதைப் பார்த்தபோது டிஸ்சார்ஜ் பீஸ் மிஷினிலிருந்து வெளிவந்த காட்சிதான் ஞாபகம் வந்தது. ஒன்றில் நிறம் போகிறது, இன்னொன்றில் வருகிறது. இரண்டிலும் அடிக்கிறவர் அதைக் கண்ணால் பார்க்காமல் அடிக்கிறார்.

இதே வித்தை ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை முழுவதும் நடந்தது. சிவப்புக்கு நம் மணல் காட்டில் விளைகிற சாயவேர். நீலத்துக்கு அவுரி. நீலம் ஏறக் கூடாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டுத் தொட்டியில் முக்குவார்கள். அந்தத் துணிகள் ஐரோப்பாவில் அப்படி விற்றன, தங்கள் நெசவாளர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று 1686-ல் பிரான்ஸ் அதற்குத் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. தடை இருக்கும்போதே இங்கே இருந்த கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட முறைகளை 1742-ல் ஒன்றுவிடாமல் கடிதமாக எழுதி அனுப்பினார். அதைச் சொன்ன சாயக்காரர்களின் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. என் மனம் அவர்களிடமே போய் நிற்கிறது. மதுரைச் சுங்குடிச் சேலையில் சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டதும் சாயத்தை ஒரு புள்ளிக்குள் விடாமல் காப்பதற்குத்தான். சின்னாளப்பட்டியில் அந்தப் புள்ளியை மெழுகு அச்சில் வைக்கிறார்கள்.

எதை எப்படி அடித்தாலும் கடைசியில் சூடு காட்டித்தான் ஆக வேண்டும். பிக்மெண்ட் என்பது நூலோடு சேர்கிற சாயம் இல்லை, நூலின்மேல் உட்கார்ந்திருக்கிற தூள். 150 டிகிரி சூட்டில் சில நிமிடம் போனால்தான் பைண்டர் படலமாகி அதை இறுக்கிப் பிடிக்கும். கியூரிங் குறைந்தால் கடையில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, வாங்கியவர் வீட்டு வாளியில்தான் தெரியும். 2012-ல் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இந்தச் சூட்டுக்காக நாங்கள் பட்ட பாடு பெரிது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், உள்ளே இருக்கிற பீஸ்கள் நின்ற இடத்திலேயே கருகும். கரண்ட் போகிற சத்தம் கேட்டதும் இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடி, நீளக் கம்பியால் பீஸ்களை இழுத்துப் போடுவோம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி அடித்த பிரிண்டில் லாபம் நிற்கவில்லை. வீதியில் பல பட்டறைகள் அந்த வருஷத்தோடு ஷட்டரை இறக்கின.

அதற்கு முந்தைய வருஷம், 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லியிருந்தது. பிரிண்டிங்குக்கு அந்த உத்தரவு நேரடியாக வரவில்லை என்றாலும் சாயம் போட்ட துணி வராமல் எங்கள் டேபிளும் காய்ந்தது. அந்தத் தீர்ப்பு வந்திருக்க வேண்டியதுதான் என்று நான் அன்றைக்கே சொன்னேன், வீட்டில் சண்டை வந்தது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த எங்கள் அம்மா ஊரில் கிணற்றுத் தண்ணீர் மாட்டுக்குக்கூட ஆகாமல் போனதைப் பார்த்தவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

இப்போது பட்டறையை நடத்துவது சித்தப்பாவின் மகன், என் தம்பி. டேபிளில் ஒன்றை எடுத்துவிட்டு, கைகள் வட்டமாகச் சுற்றுகிற ஆட்டோமேட்டிக் மிஷின் போட்டிருக்கிறான். பக்கத்து வீதியில் டிஜிட்டல் மிஷின். அதில் ஸ்கிரீனே கிடையாது. சட்டையைத் தட்டில் மாட்டினால், முதலில் ஒரு மருந்தைத் தெளித்து, மையைத் துளித்துளியாக நேரே துணியில் இறக்கிவிடுகிறது. ஒரே ஒரு சட்டை வேண்டும் என்கிறவருக்கும் போட்டுத் தரலாம், போட்டோவை அப்படியே இறக்கலாம், பைகுரோமேட் கிடையாது, கழுவும் தண்ணீர் குறைவு. நல்ல மிஷின், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தாலும், தடித்து நிற்கிற ஹை டென்சிட்டி, சூட்டில் உப்புகிற பஃப், வெல்வெட் மாதிரி மயிர் நட்ட ஃபிளாக் இதெல்லாம் வேண்டுமென்றாலும் ஸ்கிரீனுக்குத்தான் வருகிறார்கள். ஸ்கிரீன் போடுவதிலும் பாசிட்டிவ் தாள் வேண்டாத முறை வந்துவிட்டது. கோட்டிங் போட்ட ஸ்கிரீன்மேல் நேராக மெழுகைப் பீச்சிப் படம் வரைகிற மிஷின் வந்திருக்கிறது. மெழுகு மறைத்த இடத்தில் வெளிச்சம் படாது. தம்பி அதன் விலைப்பட்டியலைக் காட்டியபோது நான் சின்னாளப்பட்டியைச் சொன்னேன். அவனுக்கு அந்தச் சேலையைத் தெரிந்திருக்கவில்லை.

ஸ்கிரீன் அறையில் இப்போது என்னோடு வேலை பார்ப்பது ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற பையன். மெஷ் கட்டுவதிலும் கழுவுவதிலும் அவன் கை சுத்தம், கையுறை இல்லாமல் அறைக்குள்ளேயே வர மாட்டான். ஒரு கல்லூரியின் விளையாட்டு விழாவுக்கு, முதுகு நிறையத் தமிழ் வாசகம் எழுதிய சட்டை ஆர்டர் ஒன்று வந்தது. ஸ்கிரீனைக் கழுவி வெளிச்சத்துக்குப் பிடித்தவன், பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். எழுத்துக்குமேல் எங்கே பார்த்தாலும் திறந்த புள்ளிகள். "அக்கா, இந்தப் புள்ளி வேணுமா, மூடணுமா?" என்றான்.

தமிழ் படிக்கத் தெரியாத கண்ணுக்கு மெய்யெழுத்தின் புள்ளியும் பின்ஹோலும் ஒன்றுபோலத்தானே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்த எழுத்துக்குமேல் புள்ளி வரும் என்று விரல் வைத்துக் காட்டினேன். புள்ளி எப்போதும் எழுத்தின் தலைக்கு நேரே, நல்ல வட்டமாக இருக்கும், பின்ஹோலுக்கு ஓரம் பிசிறாக இருக்கும் என்றேன். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வாசகத்துக்குக் கீழே வெற்றிடத்தில் இருந்த இரண்டை மட்டும் அடைத்தான். அன்றிலிருந்து தமிழ் ஆர்டர் வந்தால் மொத்தப் புள்ளிகளை எண்ணி, சட்டத்தின் மரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கழுவி முடித்ததும் அவன் எண்ணிப் பார்த்து, கூட இருப்பதை அடைக்கிறான். போன வாரம் ஒரு ஸ்கிரீனில் ஒன்று குறைகிறது என்று கூப்பிட்டான். பாசிட்டிவை எடுத்துப் பார்த்தோம். கம்ப்யூட்டரில் டைப் செய்தவர் விட்டிருந்தார்.